மும்பை மழைக்காலத்தில் கார், பைக் இல்லாமல் தினமும் வேலைக்குப் போய்வர முடியுமா?

முடியும். இங்கே பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போய்வருகிறார்கள். நான் இருப்பது தாராவியில், வேலை தென்மும்பையில் ஆபீஸ்கள் நிறைந்த ஃபோர்ட் பகுதியில். ஐப்பசி கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே ஜூன் இரண்டாம் வாரம் வாக்கில் பிடித்தால் செப்டம்பர் வரை மழை விடாது. நாலு மாதமும் நனையாமல் இருக்க யாராலும் முடியாது. நடுவழியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் முதலில் வழி பார்க்க வேண்டும்.

அதற்கு வானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, கடலையும் பார்க்க வேண்டும். ஊரின் மழைநீர் எல்லாம் கடைசியில் கடலுக்குத்தான் போக வேண்டும். ஹை டைட், அதாவது கடல் ஏற்றம், வரும் நேரத்தில் கடல்மட்டம் பல வடிகால் வாய்களுக்கு மேலே ஏறிவிடும். அப்போது பெய்கிற மழை போக்கிடம் இல்லாமல் தெருவிலேயே நிற்கும். பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குக் கணக்குப் பண்ணிக் கட்டியவை வேறு. ஹை டைட் அலை 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களையும் நேரத்தையும் மாநகராட்சி மழைக்கு முன்பே வெளியிட்டுவிடும், பேப்பரிலும் வரும். அதை வெட்டி எங்கள் வீட்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். பட்டியல் இல்லையென்றாலும் அமாவாசை, பௌர்ணமி பார்த்தால் போதும். அதையொட்டிய இரண்டு மூன்று நாள்தான் அலை உயரம். மும்பையில் அது பெரும்பாலும் நண்பகல் வாக்கிலும் நள்ளிரவு வாக்கிலும் வரும், நாளுக்கு நாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மழை வலுத்ததும் மதியம் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ 'எல்லாரும் கிளம்புங்கள்' என்று ஆபீஸில் அனுப்பிவிடுவார்கள். பல நாள் தண்ணீர் உச்சத்தில் நிற்கிற நேரமே அதுதான். ஊரே ஒரே சமயத்தில் ஸ்டேஷனில் போய் நிற்கும். நான் அப்போது கிளம்ப மாட்டேன். அலை இறங்கி, மழையும் கொஞ்சம் ஓய்ந்தால், சில மணி நேரத்தில் வண்டி நகர ஆரம்பித்துவிடும். நகரவில்லை என்றால் ஆபீஸிலேயே தங்கிவிடுவதுதான் நல்லது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அன்று தண்ணீரில் நின்றுபோன கார்களுக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்தவர்கள் உண்டு. அதனால் கார் இல்லையே என்று கவலைப்படாதீர்கள்.

லோக்கல் ரயிலில் சென்ட்ரல், வெஸ்டர்ன், ஹார்பர் என்று தனித்தனி லைன்கள் உண்டு, ஒரே லைனை நம்பி இருக்காதீர்கள். சென்ட்ரல் லைனில் சயான், குர்லா பக்கம் தாழ்வான இடம், மித்தி ஆறும் பக்கத்திலேயே ஓடுகிறது. தண்டவாளத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். ஹார்பர் லைனில் சுன்னாபட்டியிலும் இதே கதைதான். எனக்கு ஒரு பக்கம் சயான், இன்னொரு பக்கம் மாஹிம். சென்ட்ரல் நின்றால் ஃபோர்ட்டிலிருந்து சர்ச்கேட்டுக்கு நடந்துபோய் வெஸ்டர்ன் பிடித்து மாஹிமில் இறங்கிவிடுவேன்.

நடக்கும்போதுதான் உண்மையான ஆபத்து. 2017 ஆகஸ்ட் 29 மழையில் நகரத்தின் பேர்பெற்ற மருத்துவர் ஒருவர் காரை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தபோது, திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார். தண்ணீர் வடியட்டும் என்று மூடியைத் தூக்கிவிடுகிறவர்கள் உண்டு. தெரிந்த கடைக்காரர்கள் அதில் ஒரு மரக்கிளையைச் செருகி, நுனியில் சிவப்புத் துணி கட்டி வைப்பார்கள். கிளை நிற்கிற இடத்துக்குக் கிட்டே போகாதீர்கள். முழங்கால் தண்ணீர் என்றால் நான் இறங்கவே மாட்டேன். அதற்குக் குறைவென்றால், நீளக் குடையின் நுனியால் முன்னே தரையைத் தட்டிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பேன். மடக்குக் குடை இதற்கு உதவாது, கடற்காற்றிலும் தாங்காது. மாநகராட்சியின் அவசர எண் 1916, போனில் போட்டு வையுங்கள்.

காலில் சின்ன வெட்டு இருந்து தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் மூன்று நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. மாநகராட்சி மருத்துவமனையிலேயே தடுப்பு மாத்திரை தருவார்கள். தயவுசெய்து இதை அசட்டையாக விட்டுவிடாதீர்கள்.

உடுப்பு விஷயம் சுலபம். ஜீன்ஸ் வேண்டாம், காயவே காயாது. வார் வைத்த பிளாஸ்டிக் செருப்பில் போய், தோல் ஷூவையும் ஒரு ஜோடி உடையையும் ஆபீஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஷூவுக்குள் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்துவையுங்கள், இல்லையென்றால் ஒரே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். பையில் டவல், பிஸ்கட், தண்ணீர், பவர் பேங்க் இருக்கட்டும். வண்டி நடுவில் நின்றால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது.

இன்னும் வீடு பார்க்கவில்லை என்றால் ஒன்று சொல்கிறேன். முடிந்தால் தாதர், காட்கோபர், அந்தேரி மாதிரி இரண்டு லைனோ, ரயிலும் மெட்ரோவுமோ கைக்கெட்டும் இடமாகப் பாருங்கள். ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கிற இடம். எந்த ஏரியாவாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு கீழே இருக்கிற மளிகைக் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள், போன வருஷம் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று.