நிறுவனப் பதிவு பெயருக்குக் காவல் ஆகாது

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டிலேயே மசாலாப் பொடியும் ஊறுகாயும் செய்து விற்கிறேன். சென்ற ஆண்டு ஒரு முகவர் 2,800 ரேண்ட் வாங்கிக்கொண்டு, ‘செல்லம்மா’ என்ற என் பாட்டியின் பெயரைப் பதிவு செய்து கொடுத்தார். இனி அதை யாரும் தொட முடியாது என்றார். இப்போது டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் ஒருவர் அதே பெயரில் ஊறுகாய் விற்கிறார். அவரைத் தடுக்க முடியுமா?

பதில்: முகவர் கொடுத்த சான்றிதழை எடுத்து அதிலுள்ள எண்ணைப் பாருங்கள், அம்மா. ஆண்டு, அதன்பின் ஆறு இலக்கங்கள், கடைசியில் சாய்கோட்டுக்கு அப்பால் 07 என்று இருந்தால், அது தனியார் நிறுவனத்தின் பதிவு எண். உங்களிடம் ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. ஊறுகாய்ப் புட்டியின் மேல் அந்தப் பெயரை ஒட்டும் தனியுரிமையை அது தராது. அந்த உரிமை 1993ஆம் ஆண்டின் 194ஆம் எண் வணிகச் சின்ன (டிரேட்மார்க்) சட்டத்தின்கீழ் தனியாக விண்ணப்பித்துப் பெறுவது. நிறுவனங்களின் பதிவேட்டையும் டிரேட்மார்க் பதிவேட்டையும் சி.ஐ.பி.சி. (நிறுவனங்கள், அறிவுசார் சொத்து ஆணையம்) என்ற ஒரே அரசு ஆணையம்தான் வைத்திருக்கிறது. ஒன்றில் பெயர் கொடுக்கும்போதே, மற்றதில் இன்னும் கொடுக்கவில்லை என்று மக்களுக்குப் புரியும் மொழியில் ஒரு வரி பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்களின் பணம் மிஞ்சும். அது ஏன் இன்னும் நடக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

முகவர் வாங்கிய தொகையையும் சொல்லிவிடுகிறேன். இணையம் வழியாகப் பெயரை ஒதுக்கிவைக்க 50 ரேண்ட், நிறுவனத்தைப் பதிவு செய்ய 125 ரேண்ட். அரசுக்குப் போவது அவ்வளவுதான். உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறில்லை. வாங்காத உரிமையை வாங்கித் தந்ததாகச் சொல்வதுதான் ஏமாற்று. இதைவிடக் கொடியதும் உண்டு. என்னிடம் வந்த ஒரு தாயார் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தியிருந்த டிரேட்மார்க் விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் இருந்தது முகவரின் சொந்தப் பெயர்! ஆகவே யார் உங்களுக்காக விண்ணப்பித்தாலும், அந்த ஓர் இடத்தில் உங்கள் பெயரோ உங்கள் நிறுவனத்தின் பெயரோ இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் கையொப்பம் இடாதீர்கள். இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும். விண்ணப்ப விவரம் அரசின் காப்புரிமை இதழில் வெளியானபின், முத்திரையும் சின்னமுமாக அரசுக் கடிதம் போலவே பணம் கேட்டு வரும் தாள்களை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இனி விண்ணப்பம். பொருள்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலாப் பொடி 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29ஆம் வகுப்பு. வகுப்புக்கு ஒரு விண்ணப்பமும் 590 ரேண்ட் கட்டணமும் என்பதால், உங்களுக்கு 1,180 ரேண்ட் ஆகும். பணம் கட்டுமுன் பதிவேட்டில் தேடுங்கள். ஆங்கிலத்தில் ‘செல்லம்மா’வை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள், ஏனெனில் எழுத்து வேறானாலும் காதுக்கு ஒன்றாகக் கேட்டால் சிக்கல்தான். நல்ல வேளையாக நீங்கள் ‘டர்பன் மசாலா’ என்றோ, விக்டோரியா தெருச் சந்தையில் குவித்து விற்கும் ‘மாமியார் மசாலா’ என்றோ பெயர் வைக்கவில்லை. ஊரைச் சொல்வதையும் வியாபாரத்தில் எல்லோரும் வழங்குவதையும் ஒருவருக்கென்று எழுதிக்கொடுக்க மாட்டார்கள். இதழில் வெளியானபின் மூன்று மாதம் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். முடிய இரண்டாண்டும் ஆகலாம். சிறுதொழில் செய்பவருக்கு அது அநியாயமான காத்திருப்பு. ஆனால் பதிவானால் விண்ணப்பித்த நாளிலிருந்தே பத்தாண்டுக்கு அது செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதுவரை வட்டத்துக்குள் ஆர் எழுத்தைச் சீட்டில் அச்சிடாதீர்கள். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது குற்றம்.

ஃபீனிக்ஸ்காரரைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது, ஏனெனில் எல்லாம் யார் முந்தினார் என்பதில் நிற்கிறது. சட்டத்தின் 36ஆம் பிரிவு, பதிவு பெற்றவர் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள், அவர் பதிவு பெற்ற நாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்தே, நேர்மையாகவும் இடைவிடாமலும் பயன்படுத்தி வருபவரைத் தடுக்க விடுவதில்லை. அதாவது நீங்கள் 2021இல் முதல் புட்டியை விற்றிருக்க, அவர் 2019இலிருந்தே விற்று வருகிறார் என்றால், நாளை உங்களுக்குப் பதிவு கிடைத்தாலும் அவர் விற்றுக்கொண்டே இருக்கலாம். அவர் 2022இல் தொடங்கியவர் என்றால் இந்தப் பிரிவு அவருக்கு உதவாது. இடையில் ஓராண்டு கடையை மூடிவிட்டு மீண்டும் திறந்தவர் என்றால் ‘இடைவிடாமல்’ என்ற சொல்லே வழக்காகிவிடும். பதிவுக்கு முன்பேகூட, உங்கள் பெயருக்கு நற்பெயர் ஏற்பட்டு வாடிக்கையாளர் ஏமாறுகிறார்கள் என்று மெய்ப்பித்தால் பொதுச் சட்டத்தின்கீழ் தடை கேட்கலாம். அந்தச் செலவை இப்போது நினைக்க வேண்டாம்.

இந்த வாரம் உங்கள் பழைய பெயர்ச்சீட்டுகள், தேதியிட்ட ரசீதுகள், சந்தையில் கடை போட்ட வாடகைச் சீட்டு, முதல் ஆர்டர் வந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து, இரண்டு விண்ணப்பங்களையும் தாக்கல் செய்யுங்கள். பிறகு ஃபீனிக்ஸுக்குப் போய் ஒரு புட்டி வாங்குங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். எப்போதிலிருந்து விற்கிறார் என்று பேச்சுவாக்கில் விசாரியுங்கள். அந்தத் தேதி தெரிந்த பிறகு வழக்கறிஞர் கடிதத்தைப் பற்றிப் பேசலாம்.