வின்னிபெக் நகரில் ஒரு பள்ளிக்கு ஆண்ட்ரூ மைனார்ஸ்கி என்ற பெயர் ஏன்?

கேள்வியில் இருப்பவர் இரண்டாம் உலகப்போரில் கனடா விமானப்படையின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் இருந்த துப்பாக்கி வீரர். 1916இல் வின்னிபெக்கில், போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இறந்துவிட, தோல் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கினார்.

1944 ஜூன் 12 இரவு பிரான்சின் காம்ப்ரே ரயில் யார்டைத் தாக்கச் சென்றபோது, ஜெர்மன் போர் விமானம் இவர்களைச் சுட்டது. இடப்பக்க இன்ஜின்கள் இரண்டும் போயின, தீ பிடித்தது. குதிக்கச் சொல்லிவிட்டார் விமானி. மைனார்ஸ்கி கதவருகே வந்துவிட்டார். அப்போதுதான் பார்க்கிறார், வால்பகுதித் துப்பாக்கிக் கூண்டில் நண்பர் பேட் பிராஃபி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

தீக்குள் தவழ்ந்து போனார். கோடரியால் அடித்தார், வெறும் கையால் இழுத்தார். கூண்டு அசையவில்லை. "போய்விடு" என்று பிராஃபி சைகை காட்டினார். உடுப்பு எரிய எரிய, திரும்பிப் பார்த்தபடியே பின்வாங்கி, கதவருகே நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்துவிட்டுத்தான் குதித்தார். அந்தச் சல்யூட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

தீக்காயத்தால் அவர் இறந்தார். பிராஃபியோ, விமானம் தரையில் மோதியபோது தூக்கி வீசப்பட்டு உயிர் பிழைத்தார்! நடந்ததைச் சொன்னவர் அவர்தான். அதனால்தான் 1946இல் மைனார்ஸ்கிக்கு, போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. கல்லறை பிரான்சின் மெஹாரிகோர்ட் கிராமத்தில். பெயர் மட்டும் சொந்த ஊர்ப் பள்ளியின் வாசலில்.