சபை ஊழியத்தை ஆராய ஒரு கேள்வித்தாள் போதுமா?

போதாது. வாலிபர் ஊழியம் பலன் தருகிறதா என்று அறிய விரும்புகிறீர்கள். கேள்வித்தாளை மட்டும் கொடுத்தால், நல்ல விசுவாசி எழுதவேண்டிய பதிலையே பலரும் எழுதுவார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இருக்காது. 1993-இல் ஹாடவே, மார்லர், சேவ்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் அமெரிக்கச் சபைகளின் வருகை எண்ணிக்கையைக் கருத்துக்கணிப்போடு ஒப்பிட்டார்கள். மக்கள் சொன்னதில் ஏறத்தாழ பாதிதான் உண்மையான வருகை.

ஆகவே வருகைப் பதிவு, நேரில் கவனித்தது, நேர்காணல் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். முக்கியமாக, விலகிப் போனவர்களைத் தேடிப் பேசுங்கள். இருப்பவர்களை மட்டும் கேட்டால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். போதகரே நேர்காணல் எடுக்கவேண்டாம். அவர் முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்?

ஒப்புதல் வாங்குங்கள், பெயரை மறையுங்கள். ஜெபத்துக்காகப் பகிர்ந்த வேதனையை அனுமதியின்றித் தரவாக்குவது, என் பார்வையில், நம்பிக்கைத் துரோகம்.