ஏழை உழைப்பாளிக் குடும்பங்களின் வறுமையையும் தன்மானத்தையும் உண்மையாகக் காட்டும் படங்கள் எவை? எதை முதலில் பார்க்கலாம்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். மஜித் மஜிதியின் ஈரானியப் படம் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997), விட்டோரியோ டி சிகாவின் இத்தாலியப் படம் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948), எங்கள் நாடான இலங்கையில் பிரசன்ன விதானகே எடுத்த சிங்களப் படம் ‘புரஹந்த களுவர’ (1997). இந்த மூன்றுக்கும் அப்புறம்தான் மற்றவை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு ஊர் இலங்கையின் கிழக்கில் இருக்கும் மருதமுனை. வாப்பா கைத்தறி நெய்தவர். தறி எங்களுடையது, நூல் முதலாளியுடையது, நெய்து கொடுக்கும் சாரத்துக்கு (லுங்கிக்கு) கூலி. நூல் விலை ஏறினாலும், சாரம் விற்காமல் தேங்கினாலும் முதலில் அடிபடுவது அந்தக் கூலிதான். வாப்பா பெரிய ரோசக்காரர். “என்ட கையால உழைச்சித் தின்றன், ஆருக்கிட்டயும் போய்ப் பல்லக் காட்டத் தேவல்ல” என்பார். கடனுக்குச் சாமான் வாங்க ஒருநாளும் கடைக்குப் போகமாட்டார். ஆனால் வீட்டில் அரிசி வேண்டுமே. கடன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது பிள்ளைகளாகிய நாங்கள். “வாப்பாவ வரச் சொல்லு மகள்” என்று கடைக்காரர் நாலு பேருக்கு முன்னால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றதும் நாங்கள்தான். உம்மா தன் காதில் கிடந்ததைக் கழற்றி ஈடு வைத்தது வாப்பாவுக்கே பிந்தித்தான் தெரியும்.

அதனால் இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் எனக்குள் ஒரே கேள்விதான் ஓடும். இந்த வீட்டில் ரோசம் யாருடையது, அதற்கான செலவைக் கட்டுவது யார்? வறுமையைக் காட்டும் படங்கள் நிறைய இருக்கின்றன. ஒழுகும் கூரை, கிழிந்த உடுப்பு, இருமும் தாய் என்று மூன்று காட்சியில் காட்டிவிடலாம். ஆனால் ஒருவர் தலை நிமிர்ந்து நிற்பதற்காக இன்னொருவர் எங்கே குனிய வேண்டியிருக்கிறது என்று காட்டும் படங்கள் கொஞ்சம்தான்.

‘பைசிக்கிள் தீவ்ஸ்’ போர் முடிந்த காலத்து ரோம் நகரத்துக் கதை. அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை, சைக்கிளோ அடகில். அவர் இடிந்துபோய் நிற்கும்போது மனைவி மரியா பேச்சை வளர்க்காமல் கட்டில் விரிப்புகளை உருவுகிறாள். சீதனமாக வந்த விரிப்புகள் அவை. அடகுக்கடை ஊழியர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு தட்டுத் தட்டாக மேலே ஏறுகிறார். உயரம் முழுக்க இதே மாதிரி மூட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கட்டிலில் இருந்து வந்தவை. வசனமே இல்லாத அந்தச் சில விநாடிகளில் ஒரு நகரத்தின் நிலைமை முழுவதும் தெரிந்துவிடுகிறது. ஜனவரியில் பாடசாலை தொடங்கும் நேரத்தில் எங்கள் பக்கத்து வங்கி அடகுக் கவுண்டரில் நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது வேறு நாட்டுப் படமாகத் தெரியாது.

முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. அந்தோனியோவும் சின்ன மகன் புரூனோவும் நகரம் முழுக்கத் தேடி அலைகிறார்கள். தேடலின் நடுவில் ஆத்திரத்தில் மகனை அறைந்துவிட்டு, அந்தக் குற்ற உணர்ச்சியில் தன் சக்திக்கு மீறிய ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அவனைக் கூட்டிப் போகிறார் தகப்பன். பக்கத்து மேசையில் வசதியான வீட்டுப் பையன். புரூனோ அவனையும் தன் தட்டையும் மாறி மாறிப் பார்க்கிறான். அப்போது தகப்பன் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார். மாதச் சம்பளம் இவ்வளவு, மேலதிக நேரத்துக்கு இவ்வளவு என்று, இழந்துவிட்ட வேலையின் சம்பளத்தை மகனுக்கு முன்னால் கூட்டிக் காட்டுகிறார். வறுமையைப் பற்றிய படத்தில் காசுக் கணக்கு வந்தால் அந்தப் படத்தை நான் நம்புவேன். இல்லாதவர்கள் வீட்டில் நாள் முழுக்க ஓடுவது அந்தக் கணக்குத்தானே. அந்தோனியோவாக நடித்தவர் லம்பேர்த்தோ மஜ்ஜொரானி என்ற தொழிற்சாலைத் தொழிலாளி. அதற்கு முன் நடிப்பு அவருக்குத் தொழில் அல்ல. அந்தக் காட்சியில் அது நன்றாகவே தெரியும்.

கடைசியில் அந்தோனியோவே ஒரு சைக்கிளைத் திருடப் போய்ப் பிடிபடுகிறார். கூட்டம் அவரை இழுத்து அவமானப்படுத்துவதை மகன் பார்த்துவிடுகிறான். சைக்கிளின் சொந்தக்காரர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவரைப் போகவிடுகிறார். தகப்பனின் மானத்துக்கு அந்த இடத்தில் பிணை நின்றது அந்தச் சிறுவனின் கண்ணீர்.

‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தில் இது இன்னும் நுட்பமாக வருகிறது. அலி தன் தங்கை சஹ்ராவின் சப்பாத்தைத் தைக்கக் கொடுத்து வாங்கி வரும் வழியில் தொலைத்துவிடுகிறான். வீட்டு வாடகை பாக்கி, தாய்க்குச் சுகமில்லை, வாப்பாவிடம் சொன்னால் அவர் எங்கே போவார்? பிள்ளைகள் இரண்டும் மறைக்க முடிவெடுக்கிறார்கள். காலையில் தங்கை, அவள் ஓடிவந்து கழற்றிக் கொடுத்ததும் அண்ணன் என்று ஒரு சோடிச் சப்பாத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இதில் இரண்டு காட்சிகளைச் சொல்லியே ஆகவேண்டும். பள்ளிவாசலுக்காகச் சீனிக் கட்டிகளை வீட்டில் வைத்து உடைத்துக்கொண்டிருக்கிறார் தகப்பன். மகள் தேநீர் கொண்டுவருகிறாள். சீனி கேட்கிறார். முன்னால்தான் இவ்வளவு சீனி இருக்கிறதே என்கிறாள் மகள். அது பள்ளிவாசலுடையது, அதில் கை வைக்கக் கூடாது என்கிறார். எங்கள் ஊரில் யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொருள், என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சீனிக்கு முன்னால் அந்த மனிதர் உயர்ந்து நிற்கிறார்.

அதே மனிதர் தோட்ட வேலை தேடி மகனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பணக்காரப் பகுதிக்குப் போகிறார். பெரிய பெரிய கேட்டுகள். மணியை அடித்தால் சுவரில் இருக்கும் பெட்டிக்குள் இருந்து குரல் மட்டும் வருகிறது. அவருக்கு நா எழவில்லை. என்ன வேண்டும், யார் நீங்கள் என்று பெட்டி கேட்க, அவர் திணறுகிறார். கடைசியில் சின்னவன் அலிதான் முன்னால் போய்த் தெளிவாகப் பேசுகிறான். கடன் கொப்பியோடு கடை வாசலில் நின்ற எனக்கு அந்தப் பையனை நன்றாகத் தெரியும். தகப்பனைப் பற்றி அவனுக்கு ஒரு துளி இளக்காரமும் வரவில்லை பாருங்கள், மஜிதியின் பெருந்தன்மை அங்கேதான் இருக்கிறது.

தொலைந்த சப்பாத்தை இன்னொரு சிறுமியின் காலில் சஹ்ரா கண்டுபிடிக்கிறாள். அண்ணனும் தங்கையும் அவள் வீடு வரை பின்னால் போகிறார்கள். வாசலில் அவளுடைய தகப்பன் வருகிறார், கண் தெரியாதவர். இருவரும் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள். தங்களுக்கு இல்லாதபோதும் இன்னொரு இல்லாத வீட்டின் வாசலில் நின்று கணக்குக் கேட்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

‘புரஹந்த களுவர’ நம்மவர்களில் பலர் பார்க்காத படம். சிங்களப் படம் என்பதால் தவறவிடாதீர்கள். வரண்ட பிரதேசக் கிராமம் ஒன்று. கண் தெரியாத முதியவர் வன்னிஹாமி, நடித்தவர் ஜோ அபேவிக்ரம. இராணுவத்தில் இருந்த மகன் இறந்துவிட்டதாகச் சீல் வைத்த பெட்டி வருகிறது. கிழவர் நம்பவில்லை. நட்டஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தால் ஒரு இலட்சம் ரூபாய் வரும். மகன் தொடங்கிய வீடு பாதியில் நிற்கிறது, மகளின் கல்யாணம் இருக்கிறது, கடன் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்து வையுங்கள் என்கிறார்கள். அவர் வைக்கவில்லை. காசை வாங்கினால் மகனின் சாவை ஒப்புக்கொண்டதாகிவிடும். கடைசியில் அந்தப் பெட்டி என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

2000ஆம் ஆண்டில் அரசாங்கம் இந்தப் படத்தைத் திரையிட விடாமல் நிறுத்தியது. விதானகே உயர் நீதிமன்றம் போய் வென்ற பிறகுதான், 2001இல், இங்கே மக்கள் பார்க்க முடிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், மரணச் சான்றிதழும் வேண்டாம் நட்டஈடும் வேண்டாம் என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் மையித்தையோ சடலத்தையோ காணாத குடும்பங்கள் இருக்கின்றன. வன்னிஹாமியை அவர்கள் பார்த்தால் மொழி தெரியாமலே புரிந்துகொள்வார்கள். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் வலித்தது மகள்தான். தகப்பனின் பிடிவாதம் நியாயமானது என்று மனதுக்குத் தெரிகிறது, ஆனால் அந்தப் பாதி வீட்டோடு அவர் மனம் மாறக் காத்திருப்பது அவள்.

பாதி வீடு என்றதும் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) ஞாபகம் வரும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அப்படித்தான். மகள் பிறந்த நாளில் இருந்தே தகப்பன் கல்லும் சீமெந்தும் எண்ணத் தொடங்குவார். தங்கச்சிக்கு வீடு முடியும் வரை தனக்குக் கல்யாணம் பேசவிடாமல் கட்டாரிலும் சவூதியிலும் கிடக்கும் காக்காமார், அதாவது அண்ணன்மார், ஊருக்கு ஊர் உண்டு. என் காக்காவும் அப்படிப் போனவர். நான் இப்போது இருக்கும் வீட்டில் அவருடைய இளமை இருக்கிறது. ‘வீடு’ படத்தில் அர்ச்சனா சென்னையில் கட்டும் வீடு சீதன வீடு அல்ல, ஆனாலும் சொக்கலிங்க பாகவதர் அந்த முடியாத வீட்டுக்குள் சுவரைத் தடவித் தடவி நடக்கும் இடத்தை என்னால் இன்னும் அழாமல் பார்க்க முடியவில்லை.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) இந்தக் கேள்வியை வேறு பக்கத்தால் காட்டுகிறது. இங்கே ரோசக்காரி தாய், சர்பஜயா. உங்கள் மகள் மாலையைத் திருடிவிட்டாள் என்று அயல்வீட்டுக்காரி வந்து கத்தும்போது ஏற்பட்ட அவமானத்தை அவள் மகள் துர்காவின் மேல்தான் இறக்குகிறாள். வீட்டை ஒட்டியிருக்கும் வயதான இந்திர் தாக்ருணை விரட்டுவதும் அவள்தான். இல்லாமையும் மானமும் சேர்ந்தால் நல்ல மனுஷியும் தனக்குக் கீழே இருப்பவரிடம் கொடுமையாக நடக்கலாம் என்று ராய் மறைக்காமல் காட்டுகிறார். அதற்காக அவளை வெறுக்கவும் விடுவதில்லை. இந்தப் படத்தை எடுக்க ராயே தன் மனைவியின் நகைகளை அடகு வைத்தவர்.

கென் லோச்சின் பிரித்தானியப் படம் ‘ஐ, டேனியல் பிளேக்’ (2016) கான் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கப் பனையை வாங்கியது. நிவாரண உணவு கொடுக்கும் இடத்தில், பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பட்டினி கிடந்த கேட்டி என்ற தாய், ஒரு பேணியைத் திறந்து நின்ற இடத்திலேயே கையால் அள்ளித் தின்றுவிடுகிறாள். பிறகு வெட்கத்தில் உடைந்து போகிறாள். 2004 சுனாமியில் எங்கள் தறி போய்விட்டது. நிவாரண வரிசையில் வாப்பா நிற்கவில்லை, உம்மா நின்றா. 2023இல் அரசாங்கத்தின் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியல் வந்து மேன்முறையீட்டுக்குப் பிரதேச செயலகங்களில் வரிசை நீண்டபோதும் பார்த்தேன், அநேகம் பெண்கள்தான்.

எம். மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யைப் பிள்ளைகளோடு பாருங்கள். 299 ரூபாய் பீட்சாவுக்காகத் தண்டவாளத்தில் கரி பொறுக்கிக் காசு சேர்க்கும் இரண்டு சிறுவர்கள். புது உடுப்பும் போட்டுக்கொண்டு போயும் கடை வாசலில் அறைதான் விழுகிறது. சிரிக்கவும் வைக்கும் படம்.

நான் காத்திருக்கும் படம் இன்னும் வரவில்லை. நுண்கடன் குழுக்கள் எங்கள் ஊர்களில் என்ன செய்தன என்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். வசூலுக்கு வந்தவர் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார், காசு வரும் வரை எழும்பமாட்டார். அந்த முற்றத்தையும், உள்ளே கதவுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணையும், அப்போது வீட்டில் இல்லாமல் போய்விடும் ஆணையும் யாராவது எடுக்க வேண்டும். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தவணை எவ்வளவு, அன்று மீன் விற்றது எவ்வளவு, மிச்சம் யாரிடம் கைமாற்று வாங்கியது என்று கணக்கோடு எடுங்கள் என்றுதான் அவர்களிடம் கேட்பேன்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டதற்கு: ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’இல் தொடங்குங்கள். ஒன்றரை மணித்தியாலம்தான், வசனம் குறைவு, சின்னப் பிள்ளையும் வயதானவரும் சேர்ந்து பார்க்கலாம். ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ இரண்டாவது. ‘புரஹந்த களுவர’வைத் தனியாக ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அன்று வேறு படம் வேண்டாம்.