வாசகர் கேள்வி–பதில்: நகரத் திட்ட வரைபடத்தைப் படிப்பது எப்படி?

கேள்வி: பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட நகரத் திட்டத்தில் எங்கள் தெரு முழுவதும் பச்சை நிறத்தில் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக வீடுகள் உள்ள இடத்தைப் பூங்கா என்று எப்படி வரைந்தார்கள்? வரைந்தவர் நேரில் வந்து பார்க்கவே இல்லையா?

பதில்: பெரும்பாலும் பார்த்திருப்பார்கள், பார்த்ததைக் காட்டும் படம் வேறாக இருக்கும். நகரமைப்பாளர்கள் நிலப் பயன்பாட்டை இரண்டு தனித்தனி வரைபடங்களில் காட்டுவது வழக்கம். களத்தில் சுற்றி, மனை மனையாகக் குறித்து, இன்று எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று காட்டுவது தற்போதைய நிலப் பயன்பாட்டு வரைபடம். திட்டக் காலம் முடிவதற்குள் எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று சொல்வது உத்தேச நிலப் பயன்பாட்டு வரைபடம். இரண்டுக்கும் அடிப்படை வரைபடம் ஒன்று, நிறங்களும் ஒன்று என்பதால் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும். தலைப்பில் உள்ள ஒரு சொல்தான் அவற்றைப் பிரிக்கிறது. நீங்கள் பார்த்தது இரண்டாவதாக இருந்தால், அந்தப் பச்சை உங்கள் தெருவில் இன்று இருப்பதைப் பற்றிய தகவல் அல்ல, அங்கே இனி எதற்கு அனுமதி கிடைக்கும் என்பதைப் பற்றிய முன்மொழிவு. ஏற்கெனவே உள்ள வீடுகள் அப்படியே தொடரப் பெரும்பாலான சட்டங்கள் இடம் தருகின்றன. விரிவாக்கவோ இடித்துக் கட்டவோ முனையும்போதுதான் சிக்கல் வரும். இரண்டு படங்களையும் அருகருகே விரித்து, இரண்டிலும் உங்கள் தெருவின் மீது விரலை வைத்துப் பாருங்கள். முதல் படத்திலும் பச்சையாகவே இருந்தால் அது பிழை. ஆட்சேபணைக்கான கெடு முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: வீடு என்றால் மஞ்சள், கடை என்றால் சிவப்பு என்று முடிவு செய்தவர் யார்? உலகம் முழுவதும் இதே வழக்கமா?

பதில்: அப்படி ஓர் உலகப் பொது விதி இல்லை. குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, பூங்காவுக்குப் பச்சை என்பது பல நாடுகளில் பரவலான வழக்கம். ஆனால் அமெரிக்க வழக்கத்தில் வணிகத்துக்குச் சிவப்பும் பொது நிறுவனங்களுக்கு நீலமும் வர, இந்தியத் திட்டங்கள் பலவற்றில் இவை இரண்டும் இடம் மாறி, வணிகம் நீலமாகவும் நிறுவனங்கள் சிவப்பாகவும் இருக்கும். 1930களில் டட்லி ஸ்டாம்ப் என்ற புவியியலாளர் பிரிட்டன் முழுவதற்கும் நடத்திய நிலப் பயன்பாட்டு ஆய்வின் வரைபடங்களில் மஞ்சள் என்றால் புதர்நிலமும் கரட்டு மேய்ச்சலும். வேளாண்மைக்கு உதவாதபடி கட்டடங்கள் நிறைந்த நிலம்தான் சிவப்பு. உழவைக் கணக்கெடுக்க வந்தவருக்கு நகரம் என்பது இழந்த நிலம் என்பதை அந்தச் சிவப்பே சொல்லிவிடுகிறது. எனவே குறிவிளக்கப் பெட்டியைப் படிக்காமல் நிறத்தை நம்புவது, மொழி தெரியாமல் எழுத்தை மட்டும் கூட்டிப் படிப்பது போன்றது.

நிறம் தீங்கும் செய்திருக்கிறது. அதே 1930களில், அமெரிக்க அரசு அமைத்த வீட்டு உரிமையாளர் கடன் கழகம் நகரப் பகுதிகளைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்காகத் தரம் பிரித்து வரைபடமாக்கியது. சிவப்பின் பொருள் ‘அபாயகரமானது’. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் பெரும்பாலானவை அந்தச் சிவப்புக்குள் விழுந்தன. அங்கே எழுதப்பட்ட மதிப்பீடு நிலத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், உண்மையில் அதில் வாழ்ந்தவர்களைப் பற்றியது.

நடைமுறைக் குறிப்பு ஒன்று. வண்ணப் படத்தைக் கருப்பு–வெள்ளையில் நகலெடுத்தால் வெளிர்மஞ்சள் காணாமல் போகும். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு மூலப் படத்திலேயே தொல்லைதான். நிறத்தோடு சாய்கோடுகளையும் எழுத்துக் குறியையும் சேர்த்துப் போடுகிற வரைவாளரே கவனமான வரைவாளர்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த திட்ட வரைபடத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். உத்தேசச் சாலையின் கோடு சரியாக என் படுக்கையறை வழியாகப் போகிறது. நான் என்ன செய்வது?

பதில்: முதலில், பெரிதாக்குவதை நிறுத்துங்கள். 1:10,000 என்ற அளவுத்திட்டத்தில் வரைந்த படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 10 மீட்டர். கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால், அந்தக் கோடே 5 மீட்டர் அகலம். உங்கள் படுக்கையறை அதைவிடச் சிறியதாக இருக்கலாம். 1:25,000 என்றால் அதே கோடு பன்னிரண்டரை மீட்டரை மறைக்கும். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு தடிக்குமே தவிரத் துல்லியம் கூடாது. அந்தப் படம் சொல்வது ‘இந்தப் பக்கமாக ஒரு சாலை’ என்பதை மட்டுமே. எந்தச் சுவர் போகும் என்பதைச் சாலை செல்லும் தடத்தைத் துல்லியமாகக் காட்டும் வரைபடமும் மனை எல்லைகளைக் காட்டும் அளவைப் படமும்தான் சொல்ல முடியும். அவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இந்தக் குழப்பத்தை முன்கூட்டியே தவிர்க்க முயன்றவர்களும் உண்டு. பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த கட்டமைப்புத் திட்டங்களில் (ஒரு பெரும் பகுதியின் வளர்ச்சியைப் பொதுவாக மட்டும் சொல்பவை) உண்மையான நிலவரைபடத்தின் மேல் எதையும் வரையாமல், அம்புக்குறிகளும் வட்டங்களும் கொண்ட கருத்துப் படம் ஒன்றை மட்டுமே சேர்த்தார்கள். யாரும் அதில் தம் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதே நோக்கம். நேர்மையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். மக்களுக்கு எரிச்சலூட்டும் ஏற்பாடும்கூட.

கேள்வி: திட்டத்தோடு வெளியிடப்படும் அழகான ஓவியங்களை நம்பலாமா?

பதில்: ரசிக்கலாம். டேனியல் பர்னமும் எட்வர்ட் பென்னெட்டும் 1909இல் உருவாக்கிய சிகாகோ திட்டத்துக்கு ஜூல்ஸ் கெரின் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களை இன்றும் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவை காட்டிய சீரான உயரமும் விரிந்த சதுக்கமும் கொண்ட நகர மையம் அப்படியே எழும்பவில்லை. சட்டப்படி கட்டுப்படுத்துவது பொதுவாக, எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று பிரித்துக் காட்டும் மண்டல வரைபடமும் எழுத்திலுள்ள விதிகளும்தான், ஓவியம் அல்ல. ஓவியத்தைப் பார்க்கும்போது, பார்ப்பவர் எங்கே நிற்பதாக வரைந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். வானத்திலிருந்து பார்த்தால் எந்தக் கோபுரமும் உயரமாகத் தெரியாது. தெருவில் முன்வரிசையில் நிற்கும் மரங்கள் எத்தனை மாடிகளை மறைக்கின்றன என்றும் எண்ணிப் பாருங்கள்.

விதியை உள்ளபடி விளக்கிய ஓவியங்களும் உண்டு. உயரம் கூடக் கூடக் கட்டடம் தெருவிலிருந்து பின்வாங்க வேண்டும் என்று நியூயார்க் நகரம் 1916இல் விதி வகுத்தது. வாசகங்களைப் படித்து அந்த உருவத்தை மனத்தில் எழுப்புவது எளிதாக இல்லை. 1922இல் கட்டடங்களை வரையும் ஓவியர் ஹியூ ஃபெரிஸ், கட்டடக் கலைஞர் ஹார்வி வைலி கார்பெட்டுடன் சேர்ந்து, கரிக்கோலால் நான்கு படங்கள் வரைந்தார். முதல் படத்தில் இருப்பது கட்டடமே அல்ல. சட்டம் அனுமதிக்கும் மிகப் பெரிய பருமன், சரிவான பக்கங்களுடன் ஒரு மலையைப் போல நிற்கிறது. அடுத்தடுத்த படங்களில் அதற்குள் வெளிச்சம் நுழையும்படி செதுக்கி, சரிவுகளைப் படிகளாக்கி, கடைசியில் கட்டக்கூடிய உருவத்துக்கு வருகிறார். திட்டத்தை வெளியிடும் ஒவ்வோர் அலுவலகமும் அந்த முதல் படத்தைப் போல ஒன்றையாவது சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: வரைபடத்தில் பிழை இருந்தால் எங்களைப் போன்ற சாதாரண மக்கள் திருத்தி வரைந்து கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. மேலே சொன்ன ஸ்டாம்பின் ஆய்வில் களப்பணியின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும்தான். ஒரு மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவிலான தாள்களை எடுத்துச் சென்று வயல் வயலாகக் குறித்தார்கள். நீங்களும் தற்போதைய நிலப் பயன்பாட்டு வரைபடத்தின் நகல் ஒன்றில், தவறாகக் காட்டப்பட்ட மனையைச் சுற்றிக் கோடிட்டு, அதன் சர்வே எண்ணையும் அங்கே உண்மையில் இருப்பதையும் நீங்கள் பார்த்த தேதியையும் எழுதி, ஒரு புகைப்படத்தை இணைத்துக் கொடுங்கள். கள ஆய்வு எந்த ஆண்டு நடந்தது என்று படத்தின் ஓரத்தில் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். கட்டடம் அதற்குப் பிறகு எழுந்ததென்றால் அதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.