சிதைந்த பிரெஞ்சா?

அன்புள்ள ஐயா,
பாரிஸில் பிரெஞ்சு இலக்கியம் படிக்கிறேன். விடுமுறையில், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஜெர்சித் தீவுக்குப் போனபோது அங்குள்ள ஜெரியே மொழியைக் கேட்டேன். சிதைந்த பிரெஞ்சாகவே பட்டது. மிகச் சிலர் பேசும் இதற்கு அரசு பணம் செலவிடுவது தகுமா? கற்பதென்றால் எந்த அகராதி வாங்கலாம்?

அன்புள்ள தம்பி,

செலவைத் தீவின் மக்கள் பார்த்துக்கொள்வார்கள். 1999 முதல் பள்ளிகளில் கற்பிக்கிறார்கள்; 2019இல் ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கிவிட்டார்கள். நம்மிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

‘சிதைந்த பிரெஞ்சு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. இலக்கியம் படிப்பவர் எழுதுகிற சொல்லா இது? லத்தீனில் பசு ‘வக்கா’. ஜெர்சியில் ‘வக்’. பாரிஸில் ‘வஷ்’. லத்தீனின் ககரத்தைக் காத்தது யார், தேய்த்தது யார்? ஆங்கிலேயர் கோட்டையை ‘காஸில்’ என்பதும் பாரிஸ் வழக்கிலிருந்து வந்ததன்று. வடபிரான்சின் நார்மண்டியில் பேசிய நார்மன் வழக்கின் கொடை. ஜெரியே அந்த நார்மனின் கிளை. பாரிஸ் பிரெஞ்சுக்கு மகளல்ல, உடன்பிறந்தவள். 1204இல் நார்மண்டியை பிரெஞ்சு மன்னர் கைப்பற்றினார். அதுவரை அதோடு இருந்த ஜெர்சி முதலிய தீவுகள் மட்டும் ஆங்கிலேய மன்னரிடம் நின்றன. பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னனின் வட்டமேசையை முதன்முதலில் எழுத்தில் வைத்த கவிஞர் வாஸ், பன்னிரண்டாம் நூற்றாண்டில், தான் பிறந்தது ஜெர்சியில் என்று தானே எழுதிவைத்தவர். அவருடையதும் சிதைந்த மொழியா?

கோபப்படுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவில் ஒரு பஸ்ஸில் இரண்டு பாட்டிமார் என் முன்னால் அமர்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள். நான் காது கொடுப்பதைக் கண்டதும் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். “இது நல்ல பிரெஞ்சு இல்லையே” என்றார் ஒருவர், தப்புச் செய்து பிடிபட்ட குழந்தைபோல. ‘நல்ல பிரெஞ்சு’ என்றுதான் அங்கே பாரிஸ் மொழிக்குப் பெயர். கோயிலிலும் நீதிமன்றத்திலும் நூற்றாண்டுகளாக அமர்ந்திருந்தது அதுதான். வீட்டில் பேசியதற்கு மிஞ்சியது வெட்கம். அந்த வெட்கத்தோடு ஒருத்தி தன் பேரனிடம் எந்த மொழியில் பேசுவாள்?

இறங்கும்போது அந்தப் பாட்டி என் பக்கம் குனிந்து, மெல்ல, “மெர்சி பியேன் தே ஃபே” என்றார். பலமுறை நன்றி என்று பொருள். இன்னும் காதில் இருக்கிறது.

அகராதி கேட்டிருந்தீர்கள். ஃபிராங்க் ல மேஸ்திர் தொகுத்த ஜெரியே–பிரெஞ்சு அகராதி, 1966. பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். கிடைத்ததும் முதலில் பசுவைப் பாருங்கள்.