மவுண்ட் ஃபேபர்: ஏறுவதற்கு வண்டி, நடப்பதற்கு மேற்குப் பக்கம்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். அம்மாவுக்கு 66 வயது. சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பார், படிக்கட்டு என்றால் முழங்கால் வலிக்கும். மகளுக்கு 4 வயது, தள்ளுவண்டி கொண்டு வருவோம். மவுண்ட் ஃபேபர் பூங்காவையும் பக்கத்தில் உள்ள உயரமான மரப்பாலத்தையும் பார்க்க ஆசை. நடந்து ஏறலாமா, கேபிள் கார்தான் வழியா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பதில்: காலையில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், போதும். நடந்து ஏறாதீர்கள். கேபிள் காரும் தேவையில்லை. டாக்சியில் உச்சிக்குப் போய், அங்கிருந்து மேற்கு நோக்கி நடந்து வேறொரு இடத்தில் இறங்குங்கள். ஏறிய வழியே திரும்பி இறங்குகிறவர்கள்தான் இந்த மலையில் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மலை அப்படியொன்றும் பெரிதல்ல, உயரம் சுமார் 100 மீட்டர். ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தின் டி வாசலுக்கு அருகில் தொடங்கும் மராங் பாதையில் பலரும் நடந்தே ஏறுகிறார்கள். 800 மீட்டர் தூரத்துக்குள் 70 மீட்டர் ஏற்றம், பெரும்பகுதி படிக்கட்டு. தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். அம்மாவுக்கு ஏறுவதைவிட இறங்குவது இன்னும் மோசம். படியில் இறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல். மழை பெய்த மறுநாள் படிகளில் ஈர இலை படிந்து வழுக்கவும் செய்யும். இத்தனைக்கும் வழி நெடுக மரங்கள் மறைப்பதால் பெரிய காட்சி ஒன்றும் கிடைக்காது.

டாக்சியோ, செயலியில் கூப்பிடும் கிராப் வண்டியோ பிடிப்பதானால் இறங்குமிடம் ‘ஃபேபர் பீக்’ என்று போடுங்கள், அதுதான் உச்சி. பாலத்தின் பெயரான ‘ஹெண்டர்சன் வேவ்ஸ்’ என்று போட்டால் வண்டி உங்களைப் பாலத்துக்கு அடியில், ஹெண்டர்சன் சாலையில் இறக்கிவிடக்கூடும். பாலம் அந்தச் சாலைக்கு 36 மீட்டர் மேலே, ஏறக்குறைய 12 மாடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே போவதற்கு நீண்ட படிக்கட்டு. எதைத் தவிர்க்க நினைத்தீர்களோ அதிலேயே போய் மாட்டிக்கொள்வீர்கள்.

கேபிள் கார் 1974 முதல் ஓடுகிறது. கடலைத் தாண்டி செந்தோசா தீவுக்குப் போவதற்கு அருமையான வழி. செந்தோசா உங்கள் திட்டத்தில் இருந்தால் அந்த நாளில் ஏறிக்கொள்ளுங்கள். மலை உச்சியை அடைவதற்காக மட்டும் நான்கு பேருக்குச் சீட்டு எடுப்பது வீண் செலவு. பூங்காவுக்குள் போக எப்போதும் கட்டணம் இல்லை.

அங்கே எல்லாரும் மாலையில்தான் போகச் சொல்வார்கள். மற்ற மாதங்களில் அது சரி. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. பிற்பகலிலும் மாலை தொடக்கத்திலும்தான் அதிகம் கொட்டும். காலை 7 மணியளவில்தான் விடியும் என்பதால் 7:30க்கு உச்சியில் இருந்தால் போதும். அந்நேரம் மேலே உணவகம் எதையும் நம்பாதீர்கள். ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு அருகில் உள்ள சியா இம் உணவங்காடியில் முதலில் பசியாறிவிட்டு வண்டி பிடியுங்கள். ஆளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் வேண்டும். ஈரப்பதத்தில் வியர்வை காயாது, தாகம் தெரிவதற்குள் உடல் வற்றிவிடும். கழிப்பறை உச்சியிலும், தெலுக் பிளாங்கா மலைப் பூங்காவிலும், நடை முடியும் ஹார்ட்பார்க் தோட்டத்திலும் உண்டு. நடுவழியில் தேடாமல் இந்த மூன்று இடங்களிலும் குழந்தையைக் கூட்டிப்போய்விடுங்கள்.

உச்சியில் ஃபேபர் பாயிண்ட் என்ற பார்வை மேடையிலிருந்து துறைமுகமும் செந்தோசாவும் தெரியும். அரை மணி நேரம் போதும். மலைக்குப் பெயர் தந்த கேப்டன் ஃபேபர் நம் சென்னையோடு தொடர்புள்ளவர்: பழைய மதராஸ் படையின் பொறியாளர் பிரிவு அதிகாரி. 1845இல் இங்கே கப்பல்களுக்குச் சைகை காட்டும் கொடிக்கம்ப நிலையம் அமைத்தபோது, தெலுக் பிளாங்கா மலை என்றிருந்த பெயரை மாற்றி அவர் பெயரை வைத்தார்கள். இன்று நீங்கள் வண்டியில் வளைந்து வளைந்து ஏறும் சாலைக்கும் அந்த நிலையம்தான் காரணம்.

அங்கிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸுக்குத் தார்ச்சாலை ஓரமாகச் சரிவான நடை, உங்கள் வேகத்தில் கால் மணிக்குச் சற்று மேல் ஆகும். 2008இல் திறந்த பாலம், 274 மீட்டர் நீளம். தளம் முழுவதும் பலாவ் மரப்பலகை. பக்கவாட்டில் எஃகு வளைவுகள் அலைபோல் எழுந்து தாழ்கின்றன. அலை எழும் இடங்களில் உட்பக்கம் மரத்தால் குடைந்த குகைபோல இருக்கும், உள்ளே உட்கார இடம், மேலே நிழல். அம்மாவை அங்கே பத்து நிமிடம் உட்கார வையுங்கள், இந்த நடையில் அதைவிட நல்ல ஓய்விடம் கிடைக்காது. குழந்தைகள் அந்த வளைவில் ஏறிச் சறுக்கப் பார்ப்பார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரப் பலகை வழுக்கும் என்பதால் செருப்பு வேண்டாம், அடியில் வரியோடிய ரப்பர் காலணி போடுங்கள்.

பாலத்தின் மறுகரை தெலுக் பிளாங்கா மலைப் பூங்கா. அம்மாவிடம் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டிய இடம் இதுதான். வலி தொடங்கியிருந்தால் நடையை இங்கேயே முடியுங்கள். கார் நிறுத்துமிடம் இருப்பதால் வண்டியை வரவழைக்கலாம். பார்க்க வந்ததில் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

தெம்பு இருந்தால் அடுத்தது ஃபாரஸ்ட் வாக். 1.3 கிலோமீட்டருக்குக் காட்டின் நடுவே 3 முதல் 18 மீட்டர் உயரத்தில் போகும் இரும்பு நடைபாதை. படியே கிடையாது, அதனால்தான் பாதை இத்தனை கொண்டை ஊசி வளைவு போடுகிறது. சக்கர நாற்காலி போகும் சரிவு என்பதால் தள்ளுவண்டிக்குக் கவலையில்லை. கவனிக்க வேண்டியது தரையை. அது கம்பி வலை. காலடியில் மரக்கிளைகளும் இன்னும் கீழே மண்ணும் தெரியும். சிலருக்குப் பத்தடி போனதும் தலை சுற்றும். அம்மாவைக் கீழே பார்க்காமல், பத்தடி முன்னால் உள்ள கைப்பிடிக் கம்பியைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். குதிகால் உயர்ந்த செருப்பு இடுக்கில் மாட்டும். சாவியோ கம்மலோ கீழே விழுந்தால் மறந்துவிட வேண்டியதுதான். பாதையில் நிழல் இல்லாத நீளங்களும் உண்டு. 9:30க்குள் இதில் கால் வைத்தால் வெயில் ஏறும் முன் முடித்துவிடலாம்.

குரங்கு வரும். நீள்வால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடுதான், சரசரப்புச் சத்தம் கேட்டாலே இறங்கிவரும். அதனால் பிஸ்கட்டைக் கையிலோ தள்ளுவண்டியின் வலைப்பையிலோ வைக்காமல் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிடுங்கள். எதிரே வந்தால் கண்ணைப் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். இரண்டுமே அதற்குச் சவால். மகளைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள், ஓடினால் துரத்தும். பழமோ முறுக்கோ போடுகிற பழக்கம் அங்கே வேண்டாம். காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

ஃபாரஸ்ட் வாக் முடிவில் 80 மீட்டர் நீள அலெக்சாண்ட்ரா ஆர்ச் பாலம். அதைத் தாண்டினால் ஹார்ட்பார்க் தோட்டம், அங்கே வண்டி கூப்பிடுங்கள். முகவரி ஹைதராபாத் சாலை என்று வரும். செயலி தெலங்கானா பக்கம் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். உச்சியிலிருந்து இதுவரை மொத்தம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். 10:30க்கு முடித்துவிடுவீர்கள். இதற்கு மேலும் கென்ட் ரிட்ஜ் வரை பாதை நீள்கிறது, அதில் படிகள் உண்டு, உங்களுக்கு வேண்டாம்.

கிளம்பும் முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். மண்சரிவு, பராமரிப்பு என்று சில பகுதிகளை மாதக்கணக்கில் மூடுவதுண்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தில் முந்தின நாளே அறிவிப்பு இருக்கும். மழை நிலவரத்துக்கு மைஎன்வி செயலி. இடி கேட்டால் பாலத்திலும் இரும்பு நடைபாதையிலும் நிற்காதீர்கள். ஃபாரஸ்ட் வாக்கின் நடுவே மாட்டினால் வெளியேற வழி குறைவு, அதனால் வானம் கறுத்திருந்தால் தெலுக் பிளாங்காவிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தின் விளக்கலங்காரம் இரவு 7 மணி முதல் 2 மணி வரை எரியும். மழையில்லாத ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வண்டியில் உச்சிக்குப் போய், பாலம் வரை நடந்து வந்துவிடலாம்.